ஆறேகால் மடங்கு

எனக்கு அவள்மேல் பொறாமை வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாள். அன்று அவள் எதையும் சாதித்துவிடவில்லை. ஒரு கேள்வி கேட்டாள், அவ்வளவுதான்.

"சார், அகலத்தை உயரத்தால ரெண்டு தடவை பெருக்கறோம், சரி. அப்புறம் ஏன் ஆறால வகுக்கறோம்?"

எங்கள் டிராயிங் ஆபீஸின் ஹெட் கன்னடக்காரர். யாராவது அவர் மேஜைப் பக்கம் போய் நின்றாலே மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "ஏனு?" என்பார், என்ன வேண்டும் என்கிற மாதிரி. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பாதிப் பேர் வந்த காரியத்தை மறந்து திரும்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட மனிதர் அன்று பென்சிலைக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா, சொல்றேன்" என்றார். ஒரு காகிதத்தில் பட்டை இரும்பு ஒன்றை வரைந்து, பாரம் ஏற்றினால் மேல்பக்கம் நசுங்கப் பார்க்கும், அடிப்பக்கம் கிழியப் பார்க்கும், நட்டநடுவில் இருக்கிற இரும்பு ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும் என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் தமிழிலுமாக இருபது நிமிஷம் சொன்னார். அவளும் பாதியைக் கன்னடத்திலேயே திருப்பிக் கேட்டாள்.

நான் அந்த அறையில் பத்து வருஷத்துக்கு மேலாக இருந்தேன். அந்த ஆறை எத்தனை நூறு தடவை இந்தியன் இங்க்கில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் சொன்ன விளக்கம் எனக்கும்தான் காதில் விழுந்தது, பாதி புரிந்தது. பதில் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. எழுந்து போய்க் கேட்டாளே, அதில்தான் பொறாமை.

தொழிற்சாலை அல்சூர் பக்கம் இருந்தது. கீழே பட்டறை, மேலே மரப்படி ஏறினால் டிராயிங் ஆபீஸ். கூரைக்கான இரும்புச் சட்டங்கள், கேட்டுகள், பாரம் தூக்குகிற சாமான்கள் எல்லாம் செய்தோம். நான் மர்பி டவுனிலிருந்து நடந்தே வந்துவிடுவேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்தேன். என் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று ஒருவர் சொல்லி, அதனால் டிரேசர் வேலை கிடைத்தது. டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலில் வரைந்து தருவதன் மேல் டிரேசிங் துணியை விரித்து மையில் அப்படியே எடுப்பது டிரேசர் வேலை. அதிலிருந்துதான் நீலப் பிரிண்ட் போட்டுப் பட்டறைக்குக் கொடுப்பார்கள். "டிரேசர் யோசிக்கக் கூடாது, யோசிச்சா கோடு வளையும்" என்பார் ஹெட். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

பழைய டிரேசிங் துணி வீணானால் எங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். வெந்நீரில் ஊறவைத்து அலசினால் கஞ்சியும் மையும் போய், மல் துணியை விட மெல்லிசான துணி கிடைக்கும். அதில் கைக்குட்டை தைத்துக்கொள்வோம், பிறந்த குழந்தைக்குச் சட்டை தைப்போம். சனிக்கிழமை மத்தியானம் துண்டு பங்கு போடும்போது அவள் வரமாட்டாள். அவளிடம் ஓரத்தில் பூப்போட்ட கைக்குட்டைகள் ஏழெட்டு இருந்தன. மல்லேஸ்வரத்தில் சொந்த வீடு, அப்பா மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அண்ணன் இஞ்சினியர். அண்ணன் கொடுத்த, கணக்குப் போடுகிற ஸ்லைடு ரூலைத் தோல் உறையில் போட்டுக் கொண்டுவருவாள். எனக்குப் பக்கத்து ஸ்டூல். எங்கள் இருவரையும் தவிர அந்த மாடியில் பெண்கள் கிடையாது. அதனால் அவள் என்னை முதல் நாளிலிருந்தே "அக்கா" என்றாள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு. அவளுக்கு இருபத்திரண்டு இருக்கும்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை. பஸ்ஸில் வரும்போது மல்லிகை வாங்கினால் எனக்கும் ஒரு முழம் கிள்ளிக் கொடுப்பாள். நான் வாங்கி வைத்துக்கொள்வேன். வீட்டுக்குப் போனதும் எடுத்துவிடுவேன்.

கிழக்கு ஜன்னல் ஓரம் ஒரு மேஜை இருந்தது. கணக்கு மேஜை என்று சொல்வோம். எந்தச் சட்டம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிறவர் அங்கே உட்காருவார். அவருக்கு டிராஃப்ட்ஸ்மேன் என்று பெயர், எங்களுக்கு டிரேசர் என்று பெயர். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் வேலையை விட்டு ஓசூருக்குப் போய்விட்டார். இரண்டு மாதமாக மேஜை காலி. "வெளியிலேருந்து ஆள் எடுக்கப் போறதில்லை. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரை உக்கார வைக்கலாம்னு இருக்கேன்" என்று ஹெட் ஒரு நாள் என்னிடமும் அவளிடமும் போகிறபோக்கில் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்து வருஷத்தில் நான் ஆசைப்பட்டது அந்த ஜன்னல் ஒன்றுக்குத்தான். ஆனால் ஆசைப்படுகிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலேயே தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சர்க்கார் எல்லா அளவையும் மாற்றிக்கொண்டிருந்த காலம். இஞ்சு போய் சென்டிமீட்டர், டன் போய் கிலோ. பட்டறைச் சுவரில் ஒரு பழைய அட்டவணை தொங்கியது. கெட்டியான பட்டை இரும்பு, என்ன அகலம், என்ன உயரம், அதைக் குறுக்கே போட்டால் வளையாமல் எவ்வளவு தாங்கும் என்று இஞ்சுக் கணக்கில் எழுதியது. இரண்டு முட்டுக்கு நடுவே பட்டையைப் போட்டு அதில் செயின் பிளாக்கை மாட்டித்தான் பாரம் தூக்குவார்கள். அதனால் மேஸ்திரி தினம் ஒரு தடவையாவது அந்த அட்டவணையைப் பார்ப்பார்.

அதிலே இரண்டு பத்தி இருக்கும். படுக்கவைத்தால் இவ்வளவு, நிமிர்த்திவைத்தால் இவ்வளவு. ஒரே பட்டைதான். அளவுகோலைத் தட்டையாகப் பிடித்து அமுக்கினால் வளையும், ஓரத்தில் நிறுத்தி அமுக்கினால் வளையாது அல்லவா, அதேதான். நாலு இஞ்சுக்கு ஒரு இஞ்சுப் பட்டை படுத்திருப்பதைவிட நிமிர்ந்து நின்றால் நாலு மடங்கு தாங்கும். உயரத்தை இரண்டு தடவை பெருக்குவதால் வருகிற பலம் அது. இரண்டுக்கு இரண்டு சதுரக் கம்பி மட்டும் எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

இந்த அட்டவணையைப் புது அளவில் மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. இஞ்சுக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு இருபது பட்டைகளுக்கும், படுக்கையில் ஒன்று நிமிர்த்தி ஒன்று என்று நாற்பது எண். ஹெட் அதை அவளிடம் கொடுத்தார். "இதைச் சரியா போட்டுட்டா ஜன்னல் மேஜை உனக்குத்தான்" என்று சிரித்தார். என் பக்கம் திரும்பி, "நீங்க டிரேஸ் பண்ணிடுங்கம்மா, ஆய்த்தா, சரியா?" என்றார்.

"சரிங்க சார்" என்றேன்.

அந்த "சரிங்க சார்" சொன்ன வாயை நான் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். எனக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, வீணான பிரிண்டுகளின் வெள்ளைப் பக்கத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுக்களைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நாற்பது எண்ணையும் நானே போட்டேன். யாருக்கும் சொல்லாமல், வீட்டுக்காரருக்கும் சொல்லாமல்.

என் வழி சுலபமான வழி. பழைய அட்டவணையில் ஒவ்வொரு பட்டைக்கும் அந்த ஆறால் வகுத்த எண் இருந்தது. எனக்கு மனப்பாடம். இஞ்சு சென்டிமீட்டராவதற்கு இரண்டரையால் பெருக்க வேண்டும். பெருக்கினேன். சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரத்து இருநூற்று அறுபது கிலோ என்று ஹெட் அவளுக்குச் சொன்னதைக் கேட்டிருந்தேன். அதாலும் பெருக்கினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். பெருக்கலில் நான் தப்பு விடமாட்டேன்.

அடுத்த வாரம் அவள் அட்டவணையை முடித்து, ஹெட் மேலோட்டமாகப் பார்த்துத் தலையாட்டி, என்னிடம் டிரேஸ் பண்ண வந்தது. துணியை விரித்து நாலு மூலையிலும் பின் குத்தினேன். முதல் எண்ணைப் பார்த்தேன். என் எண்ணைவிடப் பெரியது. இரண்டாவதும் பெரியது. கொஞ்சநஞ்சம் பெரியதல்ல, ஆறு மடங்குக்கு மேல். நாற்பதும் அப்படியே.

அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது? பேனாவில் மை நிரப்பிவிட்டு, மையைத் துடைத்துவிட்டு, மறுபடி நிரப்பினேன். தோல் உறை ஸ்லைடு ரூல், கேள்வி, இருபது நிமிஷ விளக்கம், கன்னடம், எல்லாம் சேர்ந்து நாற்பது எண்ணும் தப்பு. அதுவும் எந்தப் பக்கம் தப்பு? தாங்காத பாரத்தைத் தாங்கும் என்று சொல்கிற பக்கம். கீழே ஒரு ஆள் நசுங்கிச் சாவான். நான் சும்மா இருக்கலாமா? இப்படி நினைத்தபோது என் பொறாமை எனக்கே நியாயமாகத் தெரிந்தது.

ஆனால் எழுந்து போய்ச் சொல்ல முடியவில்லை. "ஏனு?" என்று பார்ப்பாரே, அவள் திரும்பிப் பார்ப்பாளே. அட்டவணையை டிரேஸ் பண்ணினேன். தப்பு என்று நான் நம்பிய அவளுடைய நாற்பது எண்ணையும் என் அழகான எழுத்தில் எழுதினேன். சனிக்கிழமை பிரிண்ட் போட்டார்கள். திங்கட்கிழமை காலை அது பட்டறைக்குப் போய்விட்டது. அன்று சாப்பாட்டு நேரத்தில், ஹெட் மேஜையில் இருந்த தட்டில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டு வந்தேன். பீம் அட்டவணை தப்பு, பார்க்கவும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தேன். பெயர் போடவில்லை. கையெழுத்துத் தெரியக் கூடாது என்று எல்லாம் பெரிய எழுத்தில், டிராயிங்கில் எழுதுகிற மாதிரியே எழுதினேன்.

இதைவிட முட்டாள்தனம் வேறு கிடையாது. எங்கள் ஆபீஸில் யாருடைய கையெழுத்தையும் யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் ஒரு தடவை கையெழுத்துப் போடுவதோடு சரி. ஆனால் டிராயிங் எழுத்து அப்படியல்ல. மூன்று எழுத்தைக் காட்டினால் போதும், இது இன்னார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். கடைசியாக ஒரு கோட்டைச் சற்று நீட்டி விடுவது என் வழக்கம். பத்து வருஷமாக அந்த நீட்டல் அந்த மாடியில் இருந்த ஒவ்வொரு டிராயிங்கிலும் இருந்தது. அடுத்தவர் எழுத்தை நான் அறையின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடிப்பேன். எனக்கும் ஒரு எழுத்து இருக்கிறது என்பது மட்டும் எப்படியோ தோன்றவில்லை.

ஹெட் சீட்டை எடுத்துப் படித்தார். தலையைத் தூக்கவில்லை. "ஏம்மா, இங்கே வா" என்று அவளைக் கூப்பிட்டுச் சீட்டைக் கொடுத்தார். அவள் படித்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தைக்கூட அல்ல, என் வலது கையைப் பார்த்தாள்.

பிரிண்ட் அறைக்குள் போய் நின்றுகொண்டேன். கழுவின பிரிண்டுகளைக் கொடியில் போட்டிருப்பார்கள், தரை எப்போதும் ஈரமாக இருக்கும். ஈரத் தாள்களை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள்.

"அக்கா, எந்த லைன்?"

"என்ன எந்த லைன்? எனக்கென்ன தெரியும்?"

"எழுதினது யாருன்னு நான் கேக்கவே இல்லையே. எந்த நம்பர் தப்புன்னுதான் கேக்கறேன். கீழே ஆளுங்க நிக்கறாங்க அக்கா. காலையிலேயே பிரிண்ட் போயிடுத்து."

அவள் உதடு வெளுத்திருந்தது. பயந்துபோயிருந்தாள். அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. கொஞ்சம் இருக்கட்டும் என்று நின்றேன். பிறகு இடுப்பில் செருகியிருந்த என் தாள்களை எடுத்தேன்.

"ஒரு லைன் இல்லம்மா. அத்தனையும் தப்பு. நீயே பாரு."

அவள் ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து, தாளை மடியில் விரித்து, விரலை ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"அக்கா, இங்க இரண்டரையால பெருக்கியிருக்கீங்க."

"ஆமா. இஞ்சு சென்டிமீட்டராகணும்ல?"

"இந்த எண்ணு இஞ்சு இல்லையே. பாருங்க, இஞ்சுக்கு மேல சின்னதா மூணு போட்டிருக்கு."

அந்தச் சின்ன மூன்று. அதையும் நான் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன், மேலே, ஒரே உயரத்தில், ஒரே அளவில். அது என்னவென்று கேட்டதில்லை. ஏதோ குறிப்பு நம்பர் என்று நினைத்திருந்தேன்.

"அப்படின்னா?"

"அகலம் ஒரு தடவை, உயரம் ரெண்டு தடவை, இஞ்சை மூணு தடவை பெருக்கியிருக்கு. அப்போ இரண்டரையும் மூணு தடவை வரணும். நீங்க ஒரே ஒரு தடவை பெருக்கிட்டு விட்டுட்டீங்க." சொல்லிவிட்டு அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். பயந்துகொண்டிருந்தவளுக்குப் பயம் போன சிரிப்பு அது. உடனே வாயைப் பொத்திக்கொண்டு, "கவர்மெண்ட் அளவை மாத்தினதுக்காக இரும்பு இளைச்சிடுமா அக்கா? பழைய பட்டைதானே, பழைய பாரம்தானே தாங்கும்?" என்றாள்.

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவள் சொன்னது எவ்வளவு சரி என்று உடனே புரிந்துவிட்டது, அதனால்தான் மன்னிக்க முடியவில்லை. சுவரில் தொங்கிய பழைய அட்டவணையோடு ஒரே ஒரு எண்ணை ஒத்துப் பார்த்திருந்தால் போதும். அடுக்களைத் தரையில் படுத்துக்கொண்டு எத்தனை பெருக்கல் போட்டேன், இது தோன்றவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல், விட்டுக்கொடுக்கவும் மனம் வராமல், "அப்ப எல்லாமே ஒரே மாதிரிதானே வித்தியாசப்படணும்? ரெண்டு தடவை இரண்டரை, ஆறேகால். என்னோடது எல்லாத்தையும் ஆறேகால் மடங்கு பண்ணினா உன்னோடது வரணும். வருதா பார்ப்போம்" என்றேன்.

"பார்க்கலாம் அக்கா."

நானும் குந்திக்கொண்டேன். அவள் தன் பென்சில் தாளை எடுத்து வந்து, ஆறால் வகுத்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள், நான் என் எண்ணை ஆறேகாலால் பெருக்கிச் சொன்னேன். வந்தது. அடுத்ததும் வந்தது. படுக்கைப் பத்தி முழுக்க ஒத்துப்போனது. நிமிர்த்தின பத்தியும் ஒத்துக்கொண்டே போனது. ஒவ்வொன்று ஒத்துப்போகும்போதும் எனக்கு ஒரு படி இறங்குகிற மாதிரி இருந்தது. கடைசி வரி, ஐந்து சென்டிமீட்டர் தடிப்பு, பதினைந்து சென்டிமீட்டர் உயரம். அட்டவணையிலேயே கனமான பட்டை.

"என்னோடது முப்பது" என்றேன். "ஆறேகால் மடங்கு, நூற்று எண்பத்தேழரை."

அவள் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"உன்னோடது எவ்வளவு?"

"இருநூற்றுப் பன்னிரண்டரை."

விரலை அந்த எண்மேல் வைத்தேன். எடுக்கவில்லை. அவள் பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கிப் பார்த்தாள். இருநூற்று இருபத்தைந்து. அவள் தாளில் இருநூற்று ஐம்பத்தைந்து என்று இருந்தது. முப்பத்தொன்பது எண் சரியாகப் போட்டவள், நாற்பதாவதில் சறுக்கியிருக்கிறாள்.

"இரண்டு மீட்டருக்கு நடுவில தொங்கவிட்டா..." என்று ஸ்லைடு ரூலை எடுத்தாள். நான் கையாலேயே போட்டு முடித்துவிட்டேன். நாலாயிரத்து எழுநூற்று இருபத்தைந்து கிலோ தாங்க வேண்டியதை ஐயாயிரத்து முந்நூற்று ஐம்பத்தைந்து தாங்கும் என்று அவள் அட்டவணை சொல்லிக்கொண்டிருந்தது. அறுநூற்று முப்பது கிலோ அதிகம். அவள் செருப்பைக்கூடப் போடாமல் மரப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

நானும் பின்னால் போனேன். மேஸ்திரி அந்தப் பிரிண்டை ஆணியில் மாட்டி, அதன் அடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவள் எம்பி அதைப் பிடுங்கினாள்.

"நக்கோம்மா, நக்கோ! கிழிக்க வேணாம்! காலையிலதானே மாட்டினேன்? அதுக்குள்ள இரும்பு மனசு மாறிடுச்சா?"

"ஒரு நம்பர் தப்பு அண்ணே. பெரிய பட்டையில எதாவது தூக்கினீங்களா?"

"பெரிய பட்டையா? அதை எடுத்து வைக்கவே நாலு ஆள் வேணும். இன்னைக்கு எல்லாம் சின்னதுதான். ஏன், மேல ரெண்டு பேரும் சேர்ந்து போட்டதா இது? அப்ப சரி. ஒருத்தர் போட்டா ஒரு தப்பு, ரெண்டு பேர் போட்டா..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் நாங்கள் படியேறிவிட்டோம்.

ஹெட் மேஜை முன்னால் இரண்டு பேரும் நின்றோம். அவள்தான் பேசினாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"சார், கடைசி லைன் தப்பு சார். நான்தான் பண்ணினேன். அக்கா தனியா கணக்குப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க. சீட்டு எழுதி வைங்கன்னு நான்தான் சொன்னேன்."

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ சொல்லி அவங்க எழுதினாங்க. அதைப் படிச்சு நீயே திகைச்சு நின்ன. சரி பிடு, போகட்டும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க கணக்குப் போடுவீங்கன்னு எனக்குத் தெரியாதேம்மா. பத்து வருஷமா ஒரு வார்த்தை சொன்னதில்லையே. எங்கே, அந்தத் தாளைக் காட்டுங்க."

"அது ரஃப் சார்" என்றாள் அவள் அவசரமாக. "கிழிச்சுப் போட்டாச்சு."

அவர் சீட்டை மடித்துத் தட்டில் வைத்தார். ஜன்னல் மேஜையைப் பார்த்தார். "நான் பார்த்துத் தலையாட்டின கணக்கு இது. என் கண்ணுக்கே தப்பினதை நீங்க பிடிச்சிருக்கீங்க. அந்த மேஜைக்கு அப்படி ஆள்தான் வேணும். உக்கார்றீங்களா?"

என்னைக் கேட்டார். பத்து வருஷம் நான் காத்திருந்த கேள்வி. இன்னொரு "சரிங்க சார்" சொன்னால் போதும், எனக்கு நன்றாகப் பழகின சொல். அவள் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். தன்னுடைய மேஜை போகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் நின்றாள். என் தாள் என் இடுப்பில்தான் இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நான் நேர்மையாக நடந்துகொண்டேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அது நேர்மை இல்லை. அந்த மேஜையில் நான் உட்கார்ந்தால், வெயில் படுகிற ஒவ்வொரு காலையிலும் அது அவள் எனக்குப் போட்ட மேஜையாக இருக்கும். அவள் வாய் திறக்காததால் நான் உட்கார்ந்திருப்பேன். மல்லிகை முழத்தையாவது வீட்டில் போய் எடுத்துவிடலாம். இதை எங்கே எடுப்பது? அவள் திறமையைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் பெருந்தன்மையைப் பொறுக்க முடியவில்லை.

தாள்களை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"கிழிக்கலை சார். இதோ இருக்கு. என்னோடது நாற்பதும் தப்பு. சீட்டு அதை நம்பித்தான் எழுதினேன். இவ சொல்லி எழுதலை."

அவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் "அக்கா" என்றாள், மெதுவாக. நான் திரும்பவில்லை.

அவர் தாளைப் பார்த்தார். முதல் வரியிலேயே புரிந்துகொண்டிருப்பார், ஆனால் கடைசி வரை பார்த்தார். "ஏம்மா, பெரிய பட்டை எழுநூற்று ஐம்பத்தாறு கிலோதான் தாங்குமா? மேஸ்திரியே ஏறி நின்னு குதிச்சுக் காட்டுவானே" என்றார். நான் நிமிரவில்லை. சிரித்துவிட்டு, மறுபடி தாளைப் பார்த்து, சிரிப்பை நிறுத்திவிட்டார். "பெருக்கல் ஒண்ணுகூடத் தப்பில்லை" என்றார், யாரிடமோ சொல்வது போல. பிறகு, "போய் வேலையைப் பாருங்க ரெண்டு பேரும். இனிமே சீட்டு வேண்டாம், வாயிருக்கு" என்றார்.

அந்த வாரக் கடைசியில் அவளை ஜன்னல் மேஜைக்கு மாற்றினார்கள். சரியான ஆள் அவள்தான், அதில் சந்தேகமில்லை. சந்தேகமில்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் பக்கத்து ஸ்டூல் காலியானது. அட்டவணையை நூற்று எண்பத்தேழரை என்று திருத்தி, துணியில் பழைய எண்ணைப் பிளேடால் சுரண்டி, புதிதாக எழுதிக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருக்க ஸ்டூலைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அப்படியும் காலையில் அவள் தலைமுடியில் வெயில் படுவது கண்ணில் படும்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் அவள் எழுந்து என் மேஜைக்கு வந்தாள். கையில் ஒரு கணக்குத் தாள். புதிதாக ஒரு கொட்டகைக்குப் போடுகிற பட்டைகள்.

"அக்கா, ஹெட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக் குடுங்களேன்."

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"தப்பு கண்டுபிடிக்கத் தெரியுமே" என்றாள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. "ஹெட் பார்த்தா சரியா இருக்கும்னு நினைச்சுப் பார்ப்பார். நீங்க அப்படிப் பார்க்க மாட்டீங்க."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பூவை நான் எடுத்துவிடுவதுகூடத் தெரிந்திருக்கும். தாளை வாங்கி மேஜையில் விரித்தேன். அவள் ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். பென்சிலைச் சீவினேன். ஒரு தப்பாவது இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தேன். களைத்துப்போகிற இடம் அதுதான்.